குழந்தைக்குக் காது வலி: நடுக்காதுத் தொற்றைக் கண்டுபிடிப்பது முதல் காது முழுதாகத் தெளிவது வரை

சளி பிடித்து மூன்று நான்கு நாள் ஆகியிருக்கும். மூக்கொழுகல் குறைகிறதே என்று நினைக்கும் நேரத்தில் குழந்தை நடு இரவில் வீறிட்டு எழும். தோளில் போட்டால் கொஞ்சம் அடங்கும், படுக்கப் போட்டால் மறுபடி தொடங்கும். பால் கொடுத்தால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் திமிறும். பேசத் தெரியாத குழந்தைக்கு நடுக்காதில் தொற்று வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரியும்.

நடுக்காது என்பது செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சிறிய காற்றறை. அங்கிருந்து மூக்கின் பின்பகுதிக்கு யூஸ்டேகியன் குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, நன்றாகச் சரிந்து இறங்கும். குழந்தைக்கோ குட்டை, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்ததும் இந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. உள்ளே நீர் கோத்து, மூக்கிலிருந்து ஏறிய கிருமி அதில் பெருகி, சீழ் சேர்ந்து செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. வலிக்குக் காரணம் இந்த அழுத்தம்தான். படுத்தால் கூடுவதும், உறிஞ்சும்போது சுருக்கென்று இழுப்பதும் அதனால்தான். 6 மாதம் முதல் 2 வயது வரை இது மிக அதிகம். பள்ளி வயதில் குழாய் வளர வளரக் குறைந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது: இது விடியும்வரை காத்திருக்கலாமா?

பெரும்பாலான காது வலியைக் காலைவரை வீட்டிலேயே சமாளிக்கலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்கலாம், அல்லது நேரே மருத்துவமனைக்குப் போகலாம்.

- 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல்.
- காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டில் வீக்கம், சிவப்பு, தொட்டால் வலி. அந்தப் பக்கத்துக் காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது. தொற்று எலும்புக்குப் பரவியதன் அடையாளம் இது. இரண்டு காதையும் பின்னாலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் தெரியும்.
- அழும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணுவது, ஒரு கண் சரியாக மூடாதது.
- கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, உச்சிக்குழி புடைப்பது, வலிப்பு.
- தலையில் அடிபட்ட பிறகு காதிலிருந்து ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வருவது.
- காதில் பட்டன் பேட்டரி போயிருக்கலாம் என்ற சந்தேகம். சில மணி நேரத்திலேயே அது உள்ளே அரித்துவிடும். அதன் மேல் எந்தச் சொட்டு மருந்தும் விடக் கூடாது.

இரண்டாவது: வலியைக் குறைப்பது

கிருமிக்கு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் நாளைக்குத் தீர்மானிக்கட்டும். வலிக்கு இப்போதே கொடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கினாலும் முதல் 24 மணி நேரத்தில் அது வலியைக் குறைப்பதில்லை. அந்த இரவைக் கடத்துவது பாராசிட்டமால்தான்.

அளவு வயதைப் பொறுத்தது அல்ல, எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம் விடுவது பாதுகாப்பு; 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

தவறு நடப்பது பாட்டிலில்தான். நம் மருந்துக்கடைகளில் ஒரே பாராசிட்டமால் மூன்று செறிவில் கிடைக்கிறது: 5 மி.லி.யில் 120 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ். 8 கிலோ குழந்தைக்கு வேண்டியது 120 மில்லிகிராம். அதாவது முதல் சிரப்பில் 5 மி.லி., இரண்டாவதில் 2.4 மி.லி., டிராப்ஸில் 1.2 மி.லி. "போன தடவை 5 மி.லி. கொடுத்தோமே" என்று பாட்டில் மாறியது தெரியாமல் 250 சிரப்பைக் கொடுத்தால் அளவு இரட்டிப்பு. டிராப்ஸை அப்படிக் கொடுத்தால் நான்கு மடங்கு, கல்லீரல் தாங்காது. லேபிளில் "5 மி.லி.யில் எவ்வளவு" என்ற வரியை ஒவ்வொரு முறையும் படியுங்கள். வீட்டு ஸ்பூனுக்கு அளவு கிடையாது. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கொடுத்து அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் ஒருமுறை மட்டும் திரும்பக் கொடுக்கலாம்.

வீட்டில் சளி சிரப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். சளிக் கலவை மருந்துகள் நடுக்காதுத் தொற்றுக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடவே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. மூக்கடைப்புக்கு உப்பு நீர் சொட்டு மருந்து போதும்.

இபுபுரூஃபனும் நல்ல வலி நிவாரணிதான்: கிலோவுக்கு 10 மில்லிகிராம், 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் நிரம்பிய பிறகு, வயிற்றில் ஏதாவது இருக்கும்போது. ஆனால் நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்குவும் மனதில் இருக்க வேண்டும். டெங்குவில் இபுபுரூஃபன், அதே வகை வலி மருந்தான மெஃபெனமிக் அமிலம் இரண்டும் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலின் காரணம் உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

இதோடு ஒத்தடம் கொடுக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்து, காதுக்கு வெளியே பத்து நிமிடம் வையுங்கள். வறுத்த உப்பு மூட்டையின் சூடு வெளியே தெரியாது. தூங்கும் குழந்தையின் தோல் வெந்துபோகும். தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டால் அழுத்தம் குறையும். கைக்குழந்தைக்குத் தலையணை வைத்து உயர்த்த வேண்டாம்.

காதுக்குள் எதுவும் விடாதீர்கள்

காய்ச்சிய எண்ணெய், பூண்டு எண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால் என்று வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கும். தொற்று இருப்பது செவிப்பறைக்குப் பின்னால். பறை முழுதாக இருந்தால் மேலே விட்ட எதுவும் உள்ளே போகாது. பறையில் ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெயோடு கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். இரண்டு வழியிலும் பலன் இல்லை. மறுநாள் மருத்துவர் பார்க்கும்போது எண்ணெய்ப் படலம் பறையை மறைத்துவிடும் என்பது கூடுதல் தொல்லை. எண்ணெய் விட்டதும் குழந்தை தூங்கியதற்குக் காரணம் வெதுவெதுப்பு. அதை வெளியிலிருந்து ஒத்தடமாகவே கொடுத்துவிடலாம். நள்ளிரவில் பாட்டியிடம் வாதாடுவதைவிட ஒத்தடத் துணியை அவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. பெரும்பாலும் பலிக்கும்.

எண்ணெய்க்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. காதுக்குள் எறும்போ பூச்சியோ போய்க் குடைந்தால், காதில் முன்பே சீழோ ஓட்டையோ இல்லாத குழந்தைக்கு, இளஞ்சூடான எண்ணெய் சில சொட்டு விட்டு அதை அடக்கலாம். பிறகு மருத்துவர் எடுப்பார். பட்டாணி, கடலை, புளியங்கொட்டை போயிருந்தால் தண்ணீர் விடக் கூடாது. ஊறிப் பருத்து இறுகிவிடும்.

பட்ஸ், கொண்டை ஊசி, கோழி இறகு எல்லாம் குறும்பியை உள்ளே தள்ளும், பறையையும் குத்தும். குறும்பி அழுக்கு அல்ல. தானாக வெளியே நகரும். குளிப்பாட்டி முடித்ததும் காதிலும் மூக்கிலும் வாயால் ஊதுவது பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஊதுபவரின் வாய்க்கிருமி குழந்தையின் மூக்குக்குப் போவதைத் தவிர அதில் வேறொன்றும் நடப்பதில்லை.

மூன்றாவது: இது நடுக்காதுதானா?

காதைப் பிடித்து இழுப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பல் முளைக்கும்போதும், தூக்கம் வரும்போதும், சும்மாவும் குழந்தைகள் காதை இழுக்கும். சளி, காய்ச்சல், இரவில் அழுகை, பால் மறுப்பு ஆகியவற்றோடு சேர்ந்து வந்தால்தான் அதற்குப் பொருள். சில குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் முன்னால் வந்து, வயிற்றுக் கோளாறு என்று நம்பவைத்துவிடும்.

வெளிக்காதுத் தொற்று வேறு. காதுத் துவாரத்தின் முன்னால் மூடி போல நிற்கும் சிறு குருத்தை மெல்ல அழுத்துங்கள். மடலை லேசாக அசைத்துப் பாருங்கள். அதற்கே குழந்தை துள்ளினால் வெளிக்காதுதான் சந்தேகம். கிணற்றிலோ குளத்திலோ குளிக்கும் பெரிய பிள்ளைகளுக்கு, பட்ஸ் விட்டுக் குடைந்த காதுக்கு இது வரும். அதற்குச் சொட்டு மருந்துதான் முக்கிய சிகிச்சை. பறை முழுதாக இருக்கும் நடுக்காதுத் தொற்றில் ஆன்டிபயாடிக் சொட்டு உள்ளே எட்டாது. "காது வலிக்கு டிராப்ஸ்" என்று கடையில் கேட்டு வாங்குவது வீணாவது இதனால்தான்.

திடீரென்று வலி நின்று, தலையணையில் மஞ்சள் கறையோ லேசான ரத்தமோ இருந்தால் பறை கிழிந்து சீழ் வெளியேறிவிட்டது என்று பொருள். பெற்றோர் பயந்துபோவார்கள். ஆனால் அழுத்தம் இறங்கியதால் குழந்தைக்கு அது ஆறுதல். இந்தச் சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிவிடும். சிகிச்சை மட்டும் கட்டாயம் வேண்டும்.

நான்காவது: மருத்துவர் காதுக்குள் பார்ப்பது

ஓட்டோஸ்கோப் என்ற விளக்குள்ள கருவியைக் காதில் வைத்துச் செவிப்பறையைப் பார்க்காமல் இந்த நோயை உறுதி செய்ய முடியாது. முக்கிய அடையாளம் பறை வெளிப்பக்கம் புடைத்திருப்பது. சிவப்பு மட்டும் போதாது. வீறிட்டு அழும் எந்தக் குழந்தைக்கும் பறை சிவந்துதான் இருக்கும், காய்ச்சலிலும் சிவக்கும். காதைப் பார்க்காமலே ஆன்டிபயாடிக் எழுதினால், "ஒருமுறை காதுக்குள்ள பார்த்துச் சொல்றீங்களா டாக்டர், பறை புடைச்சிருக்கா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

பார்க்கும்போது தலை அசைந்தால் கருவி இடித்து வலிக்கும். குழந்தையை மடியில் பக்கவாட்டாக உட்கார வைத்து, ஒரு கையால் அதன் இரு கைகளையும் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். மறு கையால் தலையை உங்கள் மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். கால்களை உங்கள் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால் உதைக்காது.

போகும்போது சொல்ல வேண்டியவை: இன்றைய எடை, காய்ச்சல் எத்தனை நாள், எவ்வளவு உயரம் போனது, கடந்த 30 நாளில் எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தது, பென்சிலின் வகை மருந்தால் முன்பு தடிப்பு வந்ததா, இது எத்தனையாவது முறை.

ஐந்தாவது: ஆன்டிபயாடிக்கா, காத்திருப்பதா?

நடுக்காதுத் தொற்று பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தானாகவே அடங்கும். அதனால் எல்லாக் குழந்தைக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. சிலருக்குத் தாமதிக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013-இல் வெளியிட்ட நெறிமுறை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. பல நாடுகளின் நடைமுறையும் இதை ஒட்டியதே.

அந்த நெறிமுறை 6 மாதம் நிரம்பிய பிள்ளைகளுக்கானது; அதற்குக் குறைந்த குழந்தைக்குப் பொதுவாக உடனே மருந்து. எந்த வயதானாலும் காதில் சீழ் வடிந்தால், காய்ச்சல் 102.2 டிகிரியைத் தொட்டால், வலி கடுமையாகவோ 48 மணி நேரத்துக்கு மேலோ இருந்தால் உடனே மருந்து. 2 வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று என்றாலும் அப்படியே. மற்றபடி, 6 மாதம் முதல் 2 வயது வரை ஒரு காதில் மட்டும் லேசாக இருந்தாலோ, 2 வயதுக்கு மேல் ஒன்றிலோ இரண்டிலோ லேசாக இருந்தாலோ, வலி மருந்து கொடுத்துக்கொண்டு 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம். காத்திருப்பது என்றால் விட்டுவிடுவது அல்ல: இரண்டாம் மூன்றாம் நாள் குழந்தையை மறுபடி காட்ட முடிய வேண்டும். மருத்துவரிடம் போக இரண்டு பஸ் மாற வேண்டிய ஊர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் முடிவு மாறலாம்.

முதல் தேர்வு பெரும்பாலும் அமாக்சிசிலின். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 90 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. கடந்த ஒரு மாதத்தில் அதையே சாப்பிட்டிருந்தாலோ, கண்ணிலும் பீளை தள்ளினாலோ கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதுவார்கள். 2 வயதுக்குள் 10 நாள். 2 முதல் 5 வயது வரை லேசான தொற்றுக்கு 7 நாள்.

இந்தக் கணக்கை இங்கே சொல்வது நீங்களே வாங்கிக் கொடுப்பதற்காக அல்ல, எழுதிக்கொடுத்த அளவைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பதற்காக. 10 கிலோ குழந்தைக்கு வேளைக்கு 400 மில்லிகிராம் என்றால், 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 8 மி.லி. வருகிறது. "சின்னக் குழந்தைக்கு இவ்வளவா" என்று பாதியாக்கினால் மருந்து நடுக்காதுச் சீழுக்குள் போதிய அளவு சேராது. ஓரளவு எதிர்ப்புள்ள கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். அடுத்த தவறு பாட்டிலில்: இந்தக் கணக்கில் 30 மி.லி. பாட்டில் இரண்டு நாளைக்கே வராது. பாட்டில் காலியானால் கோர்ஸ் முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை பாட்டில் வேண்டும் என்று கடையிலேயே கணக்குப் போட்டு வாங்குங்கள்.

பொடி மருந்தைக் கலக்கும் முறை: பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரைக் குறியில் பாதிக்கு ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் குறிவரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். சூடான தண்ணீர் மருந்தின் வீரியத்தைக் கெடுக்கும். குறியைத் தாண்டி ஊற்றினால் ஒவ்வொரு வேளையும் குறைவாகப் போகும். கிளாவுலனிக் சேர்ந்ததை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறையவைக்கும் தட்டில் அல்ல. கலக்கிய மருந்தை லேபிளில் சொன்ன நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பெரும்பாலும் 7 நாள். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பாட்டிலை மட்டும் கலக்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள், இல்லையென்றால் முதலில் தண்ணீரும் கடைசியில் கெட்டி மருந்துமாகப் போகும்.

லேசான வயிற்றுப்போக்கு வரலாம். உணவோடு கொடுத்து, ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துத் தொடரலாம். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. மருந்து தொடங்கி 72 மணி நேரம் ஆகியும் காய்ச்சலும் வலியும் குறையாவிட்டால் அதையே தொடர்ந்துகொண்டிருக்காமல் திரும்பக் காட்ட வேண்டும்.

காதில் சீழ் வடிந்தால் உலர்த்தும் முறை

சீழ் தேங்கினால் ஓட்டை ஆறாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்த மெல்லிய பருத்தித் துணியை விளக்குத் திரி போல முறுக்குங்கள். உள்ளே குச்சி எதுவும் கூடாது. சின்னக் குழந்தைக்குக் காது மடலைப் பின்னாலும் கீழாகவும் இழுத்தால் துவாரம் நேராகும். திரியை மெல்ல நுழைத்து, நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டுப் புதுத் திரி வையுங்கள். காய்ந்த திரி வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும், நாளுக்கு மூன்று முறையாவது. பஞ்சை அடைத்து அப்படியே விட்டுவிடக் கூடாது. குளிப்பாட்டும்போது மட்டும் வாசலின் தடவிய பஞ்சைத் துவார வாயில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள்.

14 நாளைத் தாண்டியும் வடிந்தால் அது நாள்பட்ட தொற்று. அதற்குச் சிகிச்சை வேறு: உலர்த்திய பிறகு குயினலோன் வகைச் சொட்டு மருந்து, காது மூக்கு தொண்டை மருத்துவரின் பார்வை. சொட்டு விடும் முன் பாட்டிலைக் கைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த மருந்து தலைசுற்ற வைக்கும். விட்டபின் காதுக்கு முன்னால் உள்ள குருத்தைச் சிலமுறை அழுத்தினால் உள்ளே இறங்கும். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகளைப் பறையில் ஓட்டை உள்ள காதில் நீங்களாக விடக் கூடாது. உட்காதின் கேட்கும் நரம்புச் செல்களை அவை சேதப்படுத்தக்கூடும்.

காய்ச்சல் போன பிறகும் உள்ளே நீர் இருக்கும்

தொற்று ஆறினாலும் பறைக்குப் பின்னால் நீர் சில வாரம் தங்கும். மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். வலி இருக்காது, காது மந்தமாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்பாதது, டிவி சத்தத்தைக் கூட்டுவது, பேச்சு முன்னேறாமல் நிற்பது ஆகியவற்றை "அடம்" என்று விட்டுவிடாதீர்கள். இந்த நீருக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. மூன்று மாதமாகியும் இரண்டு காதிலும் நீர் இருந்தால் கேட்புத் திறன் சோதனை செய்ய வேண்டும். குறைவு தெரிந்தால் பறையில் கிராமெட் என்ற சிறு குழாய் வைப்பார்கள். பெரும்பாலும் ஓராண்டு அளவில் தானாக விழுந்துவிடும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் (குழந்தைகளுக்கான தேசிய உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) குழுவினர் பார்க்கும் நோய்ப் பட்டியலில் நடுக்காதுத் தொற்றும் கேட்புக் குறைவும் உண்டு. அவர்கள் வழியாக மாவட்ட அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கலாம்.

அடிக்கடி வருகிறதா?

ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஓராண்டில் நான்கு முறை வந்தால் நிபுணரிடம் காட்ட வேண்டும். மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் காரணமாக இருக்கலாம். வாயால் மூச்சு விட்டுக் குறட்டையோடு தூங்கும் குழந்தைக்கு அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

வீட்டில் மாற்றக்கூடியவற்றில் முதலிடம் புகைக்கு. பீடி, சிகரெட், விறகடுப்பு மட்டுமல்ல, எண்ணெய்க் குளியல் முடிந்ததும் குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்துக் காட்டும் சாம்பிராணிப் புகையும்தான். தலைமுடியைத் துண்டால் உலர்த்தினால் போதும். புட்டிப்பாலைப் படுத்த நிலையில் கொடுக்காதீர்கள். தலை உயர்ந்திருக்கட்டும், பாட்டிலைத் தலையணையில் சாய்த்துவிட்டு நகராதீர்கள். 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்த குழந்தைகளுக்கு இந்தத் தொற்று குறைவு. சூப்பான் பழக்கம் இருந்தால் 6 மாதத்துக்குப் பிறகு விடவையுங்கள்.

இந்தத் தொற்றுக்குக் காரணமான முக்கியக் கிருமிகளில் ஒன்று நிமோகாக்கஸ். அதற்கான தடுப்பூசி 2021-இல் நாடு முழுவதும் அரசு அட்டவணையில் சேர்ந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். எல்லாக் காது வலியையும் அது தடுக்காது; கடுமையாக வருபவற்றைக் குறைக்கும். விட்டுப்போயிருந்தால், தடுப்பூசி அட்டையோடு புதன்கிழமை போய்க் கேளுங்கள், மீதித் தவணை எப்போது என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லிவிடுவார்.